விக்கிற வீட்டுக்கு வெள்ளையடிக்கலாமா?

தேனி முதல் கூடலூர் வரை… விற்கும் முன் எதைச் சரிசெய்வது, எதைத் தொடாமல் விடுவது?

பத்து வருஷமாகப் பூட்டிக் கிடந்த வீட்டு வாசலில் ஒரு நாள் காலையில் டிராக்டர் வந்து எம்-சாண்ட் கொட்டிவிட்டுப் போகும். மறுநாள் சவுக்குக் கம்பில் சாரம் ஏறும். மூன்றாம் நாள் தெருமுனை டீக்கடையில் கேட்டுவிடுவார்கள்: "என்னப்பா, வீட்ட விக்கப் போறாகளா?" சின்னமனூரானாலும் கம்பமானாலும் இந்தக் கணிப்பு அநேகமாகத் தப்பாது.

சாரத்துக்குப் பின்னால் இருக்கும் குடும்பக் கதையும் பெரும்பாலும் ஒன்றுதான். அப்பா கட்டிய வீடு. அப்பா போய்விட்டார், அம்மா மகளோடு மதுரையில். மூத்தவர் திருப்பூரில், இளையவர் சென்னையிலோ பெங்களூரிலோ. பொங்கலுக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் மட்டும் கதவு திறக்கிறது. விற்றுவிடலாம் என்று முடிவானதும் வாட்ஸ்அப்பில் விவாதம் தொடங்குகிறது. "டைல்ஸ் போட்டா அஞ்சு லட்சம் கூடுதலாக் கேக்கலாம்" என்கிறார் மச்சான். "கிச்சனை மட்டும் மாத்துவோம்" என்கிறார் அக்கா. "ஒண்ணும் செய்ய வேணாம், இருக்கிறபடியே தள்ளிவிடுவோம்" என்கிறார் தம்பி. மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருப்பதுதான் சிக்கல்.

வீடு விற்க இப்போது நேரமும் கூடி வந்திருக்கிறது. 1928-இல் வந்த மதுரை–போடி மீட்டர் கேஜ் ரயில், அகலப்பாதைக்காக 2010 கடைசியில் நிறுத்தப்பட்டது. பதினோரு வருஷம் கழித்து, 2022 மே மாதம்தான் தேனிக்கு மறுபடியும் ரயில் வந்தது. 2023 ஜூன் 15 முதல் போடி வரை ஓடுகிறது. சென்னைக்கும் வாரம் மூன்று நாள் நேரடி வண்டி. திண்டுக்கல்–குமுளி சாலையில் ஊர் ஊராகப் புறவழிச்சாலை வந்துவிட்டது. தேனி மருத்துவக் கல்லூரி வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வெளியூரிலிருந்து வீடு பார்க்க வருகிறவர் காலையில் வந்து மாலையில் திரும்பிவிடலாம். அவருக்காக வீட்டில் எதைச் செய்து வைப்பது என்பதுதான் கேள்வி.

வாங்க வருகிறவர் யார்?

எந்த மேஸ்திரியைக் கூப்பிடுவதற்கும் முன்னால் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் வீடு தேடி வருகிறவர்கள் ஒரே ரகம் இல்லை. குமுளி, வண்டன்மேடு, கட்டப்பனைப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் குடும்பங்கள், பிள்ளைகளின் படிப்புக்கும் பெரியவர்களின் மருத்துவத்துக்கும் கீழே ஒரு வீடு வேண்டும் என்று வருவார்கள். போடியில் வீடு விற்கிறவர் ஏலக்காய் விலையிலும் ஒரு கண் வைத்துக்கொள்வது அதனால்தான். 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட சரக்கு அது. விலை ஏறும் வருஷமும் இறங்கும் வருஷமும் ஒரே மாதிரி இருக்காது. அடுத்து, ஓய்வு பெறப்போகும் ஆசிரியர், அரசு ஊழியர். அடுத்து, வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் பெற்றோருக்கு வீடு வாங்கும் இளைஞர்.

நான்காவது ஆள்தான் முக்கியம். அவருக்கு வீடு வேண்டாம், மனை மட்டும் போதும். பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், கடை கட்ட நினைக்கும் வியாபாரியாக இருக்கலாம். பத்திரம் முடிந்த மறு மாதமே ஜேசிபி வந்துவிடும். அவருக்காகப் போடும் டைல்ஸை ஜேசிபிக்காரர்தான் ரசிப்பார்.

உங்கள் வீடு வீடாக விற்கப்போகிறதா, மனையாக விற்கப்போகிறதா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு காகிதக் கணக்கு போதும். ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்: 5 சென்ட் மனை, அதாவது 2,178 சதுர அடி. தெருவில் சென்ட் 6 லட்சம் போகிறது. மனை மட்டும் 30 லட்சம். அதில் 40 வருஷத்துக்கு முன் கட்டிய 1,200 சதுர அடி வீடு. இன்றைக்கு அதே வீட்டைக் கட்டச் சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்றால் 24 லட்சம். ஆனால் மதிப்பீட்டாளர் வருஷத்துக்கு 1.5 சதவீதம் தேய்மானம் கழிப்பது வழக்கம். 40 வருஷத்துக்கு 60 சதவீதம் போய்விடும். மிச்சம் 9 லட்சத்து 60 ஆயிரம். ஆக வீட்டோடு சேர்த்து 40 லட்சம் என்றால், அதில் முக்கால் பங்கு மண்ணுடைய விலை. கட்டடம் கால் பங்கு.

இந்தக் கால் பங்கின் மேல் 5 லட்சம் செலவழித்துவிட்டு 45 லட்சம் கேட்டால் என்ன நடக்கும்? வருகிறவர் 45-ஐ 5-ஆல் வகுப்பார். "சென்ட் ஒம்பது லட்சம் விழுது, இந்தத் தெருவுல எவன் குடுப்பான்?" என்று எழுந்துவிடுவார். நம் ஊரில் விலை பேசுவது இன்னமும் சென்ட் கணக்கில்தான். தெருவின் விலையைத் தாண்டி ஒரு வீட்டை மட்டும் உயரத் தூக்கி நிறுத்தக் கிரானைட்டால் முடியாது. கட்டடத்தின் பங்கு இதைவிடச் சிறியதாக, வீடும் ஐம்பது அறுபது வருஷப் பழசாக, சாலையை ஒட்டியதாக இருந்தால் ஒரே ஒரு வேலைதான் பாக்கி: குப்பையை அள்ளி, செடிகொடியை வெட்டி, மனையின் நான்கு மூலையும் தெரியும்படி வைப்பது. சர்வேயரை வைத்து அளந்து கல் ஊன்றிவிட்டால் அதற்கு மேல் அந்த வீட்டுக்கு அலங்காரம் எதுவும் வேண்டாம்.

அவர் கையில் இருக்கும் காசு

கணக்கின் மறுபக்கத்தைப் பலரும் பார்ப்பதில்லை. அதே 40 லட்சம் ரூபாய் வீட்டை வாங்க வங்கிக்குப் போகிறார் ஒரு ஆசிரியர். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம். 30-ஐத் தாண்டி 75 லட்சம் வரை என்றால் 80 சதவீதம்தான். இங்கே அதிகபட்சம் 32 லட்சம். மீதி 8 லட்சம் கையிலிருந்து வர வேண்டும். அது போக முத்திரைத் தீர்வை 5, சொத்து மாற்று வரி 2, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 3 லட்சத்து 60 ஆயிரம். இதற்கு வங்கி கடன் தராது. புரோக்கர் கமிஷன், பத்திர எழுத்தர், வக்கீல் கருத்து எல்லாம் தனி. நகை அடகு, பி.எஃப். பணம், மாமனார் கைமாற்று என்று திரட்டி 12 லட்சத்தோடு வந்து நிற்கிற மனிதரிடம் அதற்கு மேல் ஒரு பைசா இருக்காது.

இப்போது அவர் மேலே அண்ணாந்து பார்க்கிறார். கூரையில் ஒழுகல் கறை.

அந்த ஒழுகலைச் சரிசெய்ய ஒரு லட்சம் ஆகும் என்றால், உங்களுக்கு அது ஒரு லட்சம். அவருக்கு அப்படி இல்லை. அந்தப் பணத்தை அவருக்குக் கடன் கொடுக்க ஆளில்லை. எவ்வளவு ஆகும் என்பதும் அவருக்குத் தெரியாது. கூட வந்த கொத்தனார் "இது தளத்தையே எடுக்கணும்ணே" என்று உதட்டைப் பிதுக்கினால் மூன்று லட்சமாகக் கணக்குப் போட்டு, ஐந்து லட்சம் குறைத்துக் கேட்பார். அல்லது வரவே மாட்டார். மாடுலர் கிச்சன் இல்லாததற்காக அப்படி யாரும் ஓடுவதில்லை. அதை நாலு வருஷம் கழித்து அவர் விருப்பப்படி செய்துகொள்வார்.

விற்பனைக்கு முந்தைய செலவில் நான் கண்டவரை உருப்படியான வழி இதுதான்: வாங்குகிறவர் பயப்படும் இடத்தில் காசு போடலாம், அவர் ஆசைப்படும் இடத்தில் போட வேண்டாம். பயம் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒன்று. ஆசை ஆளுக்கு ஒன்று.

அமெரிக்காவில் இதை வருஷா வருஷம் கணக்கெடுத்து அறிக்கையாகவே போடுகிறார்கள். எந்த வேலைக்குச் செலவழித்தால் விற்கும்போது எவ்வளவு திரும்ப வருகிறது என்ற பட்டியல். 2024 அறிக்கையில் முதலிடம் கார் நிறுத்துமிடக் கதவை மாற்றுவதற்கு. போட்டதில் ஏறத்தாழ இரண்டு மடங்கு திரும்பியதாம். அடுத்தது வாசல் கதவு. ஆடம்பரமாகச் சமையலறையை மாற்றியவர்களுக்குப் போட்டதில் பாதிகூடத் திரும்பவில்லை. அவர்கள் கணக்கை அப்படியே உப்புக்கோட்டைக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் திசை சரிதான்: தெருவிலிருந்து பார்க்கும்போது தெரிகிற சின்னச் செலவு திரும்புகிறது, உள்ளே ஒளிந்திருக்கும் பெரிய செலவு முழுகுகிறது.

ஓதத்தின் மேல் பட்டி

முதல் செலவு மேலே. மொட்டை மாடி. இந்தப் பள்ளத்தாக்கில் இரண்டு மழையும் உண்டு. ஆனி, ஆடியில் குமுளிக் கணவாய் வழியாக இறங்கும் காற்றோடு கூடலூர், கம்பம் வரை சாரல் அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. முதலாவது மேற்குச் சுவரின் பூச்சில் உள்ள மயிரிழை வெடிப்பைத் தேடிப் பிடிக்கும்; இரண்டாவது தளத்தில் நின்று உள்ளே இறங்கும். மாடியில் சாய்மானம் சரியாக இருக்கிறதா, மழைநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா, தட்டோடு பெயர்ந்திருக்கிறதா, கைப்பிடிச் சுவரின் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா என்று பார்க்க ஒரு அரை நாள் போதும். அரசங்கன்றை மேலோடு ஒடித்துவிடுவது நம் எல்லோரின் பழக்கம். அது அடுத்த மழைக்கு இரண்டு கிளையோடு வரும். வேரோடு எடுத்து, பள்ளத்தை அடைத்தால்தான் தீரும். பூட்டிக்கிடந்த வீடுகளில் பாதி ஒழுகலுக்கு மூல காரணம் அடைத்த குழாயும் இந்தக் கன்றும்தான். மொட்டை மாடி வேலையைப் பங்குனி, சித்திரை வெயிலில் முடித்துவிட வேண்டும். ஈரத் தளத்தின் மேல் அடிக்கிற எந்தக் கலவையும் நிற்காது.

அடுத்தது கீழே. ஓதம். முல்லைப் பெரியாறு அணைத் தண்ணீர் 1895 முதல் இறங்கிவரும் பூமி இது. இருபோக நெல் விளைந்த நஞ்சையை மேடாக்கிக் கட்டிய தெருக்கள் ஆற்றையும் வாய்க்காலையும் ஒட்டி எத்தனையோ உண்டு. அந்த வீடுகளில் அடிச்சுவர் ஈரம் இழுக்கிறது. தரையிலிருந்து இரண்டடி, மூன்றடி உயரத்துக்கு உப்புப் பூத்துப் பெயிண்ட் பொரிந்து நிற்கும். இதற்கு எல்லோரும் செய்கிற வைத்தியம், சுரண்டிவிட்டு அதன் மேல் பட்டி பார்த்து, பளபளவென்று ஒரு எமல்ஷன் அடிப்பது. நாலு மாதம் தாங்கும். அதற்குள் விற்றுவிடலாம் என்ற கணக்கு.

இந்தக் கணக்கு இரண்டு இடத்தில் இடிக்கும். ஒன்று சட்டம். 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு, சொத்திலோ உரிமையிலோ முக்கியக் குறை இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. சொல்லாமல் விடுவதை மோசடி என்கிறது. பட்டிக்குப் பின்னால் மறைத்த ஓதமும் மறைத்த விரிசலும் இதில் வந்துவிடலாம். ஆற அமர நீதிமன்றத்துக்குப் போகிற ஊர் இல்லைதான் நம்முடையது. ஆனால் முன்பணம் வாங்கிய பிறகு விவகாரம் பஞ்சாயத்துக்கு வந்தால் விலை இன்னொரு தடவை இறங்கும்.

இரண்டாவது இடி சந்தையில். பழைய கார்ச் சந்தையை வைத்து 1970-இல் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார்; பின்னால் 2001-இல் நோபல் பரிசு பகிர்ந்துகொண்டவர். குறையை விற்பவர் மட்டும் அறிந்திருக்கும் சந்தையில், வாங்குபவர் எல்லாச் சரக்கையும் சந்தேக விலைக்கே கேட்பார், அதனால் நல்ல சரக்கு வைத்திருப்பவரும் அடிபடுவார் என்பது அதன் சாரம். பெரியகுளத்துப் புரோக்கர் ஒருவரும் அந்தக் கட்டுரையைப் படித்திருக்க மாட்டார். ஆனாலும் வீடு முழுக்கப் புதுப் பெயிண்ட் வாசம் அடித்தால் "எதையோ மூடியிருக்காக" என்று காதோரம் சொல்லத் தெரியும். கெட்டிக்கார ஆள் சுவரைப் பார்க்க மாட்டார். பீரோவை நகர்த்தச் சொல்லி அதன் பின்பக்கத்தைப் பார்ப்பார்.

ஓதத்தை நிஜமாகவே சரிசெய்வதென்றால் பூச்சை மூன்றடி உயரத்துக்கு வெட்டி எடுத்து, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பல வீடுகளில் மண்ணைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்போம். குற்றவாளி குளியலறைக் குழாயாகவோ, சுவரை ஒட்டிய பக்கத்து வீட்டுச் சாக்கடையாகவோ இருக்கும். முதலில் அது. பிறகு சுவர் உலர நேரம். பிறகு பூச்சு. இதைச் செய்ய நேரமும் காசும் இல்லையென்றால் சுவரை அப்படியே விட்டு, "இங்க ஓதம் இருக்கு, விலையில பாத்துக்கலாம்" என்று சொல்லிவிடுவது எவ்வளவோ மேல். இந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு நீங்கள் சொல்லும் மற்ற எதையும் அவர் நம்புவார்.

போடி, பெரியகுளம், உத்தமபாளையத்தின் பழைய தெருக்களில் உள்ள சுண்ணாம்பு வீடுகளுக்கு ஒரு தனிச் சேதி. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக எழுப்பி, தேக்கு உத்தரம் பாவி, மேலே சுண்ணாம்புத் தளம் போட்ட மச்சு வீடுகள். அந்தச் சுவருக்கு ஈரம் வந்தால் தானாக வெளியே விடும் குணம் உண்டு. அதன் மேல் சிமெண்டுப் பூச்சையும் பிளாஸ்டிக் பெயிண்டையும் ஏற்றினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, பூச்சு பாளம் பாளமாகப் பெயரும். விற்பதற்காக இப்படி "புதுசாக்கி"க் கெட்டுப்போன வீடுகள் உண்டு. அந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தால் போதும். தலைப்பில் கேட்ட கேள்விக்கு இங்கே மட்டும் பதில், ஆமாம், தாராளமாக வெள்ளையடிக்கலாம்.

பால் காய்ச்சுகிறவர் அடிக்கட்டும்

மற்ற வீடுகளுக்குப் பெயிண்ட் விஷயத்தில் நம் ஊர் வழக்கமே ஒரு பதில் வைத்திருக்கிறது. வாங்குகிறவர் எந்த மதமானாலும் குடிபுகும் முன் வீட்டை ஒரு தடவை தன் நிறத்துக்கு மாற்றிக்கொள்வார். பால் காய்ச்சும் நாளுக்கு முந்தைய வாரம் பெயிண்டர் இல்லாத வீடு ஏது? நீங்கள் உள்ளே முழுக்க அடிக்கும் பெயிண்டுக்கு ஆயுள் சில மாதம்தான். வெளிமுகப்பு, காம்பவுண்டுச் சுவர், கேட் மூன்றுக்கும் அடக்கமான ஒரு நிறம். உள்ளே கறை படிந்த அறை இருந்தால் அதற்கு மட்டும் ஒரு கோட். கிளிப்பச்சையும் ஊதாவும் உங்களுக்குப் பிடிக்கலாம், வேண்டாம்.

தரையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பிடிவாதமான கருத்து உண்டு. பழைய வீடுகளில் சிவப்புக் காவித் தரை, மொசைக், ஆத்தங்குடிக் கல் இருக்கும். அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டிவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. தரை ஒரு அங்குலம் உயர்ந்து கதவு இடிக்கும். ஆசாரியைக் கூப்பிட்டுத் தேக்குக் கதவின் அடியை அறுப்பார்கள். ஒரு செலவுக்கு இரண்டு செலவு, நல்ல தரையும் போச்சு. மொசைக்கை மெருகு போட்டால் பாதிச் செலவில் கண்ணாடியாகிவிடும். அந்தத் தரையைத் தேடி வாங்குகிற ஆட்களும் இப்போது வருகிறார்கள். பிடிக்காதவர் டைல்ஸ் போட்டுக்கொள்ளட்டும்.

வாஸ்துவுக்காக இடிக்கவே வேண்டாம். உங்கள் வாஸ்துக்காரர் அக்னி மூலையை நகர்த்துவார். வாங்குகிறவர் அழைத்து வரும் வாஸ்துக்காரர் அதை மறுபடியும் நகர்த்துவார். மாடியில் இன்னொரு அறை எடுத்தால் வாடகை வரும் என்று காட்டலாமே என்பதும் வேண்டாத வேலை. அனுமதி வாங்கிய வரைபடத்தில் இல்லாத அறை என்றால் வங்கி மதிப்பீட்டாளர் அதைக் குறித்துக்கொள்வார், கடன் நிற்கும். கூட்டிய அறையே விற்பனையைக் கெடுக்கும். மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள் இருந்தால் சுயசான்று முறையில் உடனடி வரைபட அனுமதி தரும் திட்டம் 2024 ஜூலையில் வந்தது. அது புதிதாகக் கட்டுகிறவருக்கு உதவும். போன வருஷம் அனுமதியின்றி எழுப்பியதை மறைக்க உதவாது.

சேர்த்துக் கட்டலாம் என்று நான் ஒப்புக்கொள்ளும் வேலை ஒன்று உண்டென்றால் அது கழிப்பறை. பழைய வீடுகளில் அது கொல்லைப்புறத்தின் கடைசியில் இருக்கும். ராத்திரி மூட்டுவலியோடு பாட்டி அவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று நினைத்துப் பார்க்கிற மருமகள், அந்த வீட்டை அங்கேயே நிராகரித்துவிடுவார். வீடு வாங்குவதில் பேசுவது ஆண்கள், முடிவெடுப்பது பெரும்பாலும் அவர்தான். இருக்கிற அறை ஒன்றின் மூலையில், சுவர் எதையும் வெளியே தள்ளாமல், உட்காரும் கோப்பையோடு ஒரு சின்னக் கழிப்பறை. அதேபோல் இடம் இருந்தால் காம்பவுண்டு கேட்டைப் பத்தடியாக அகலப்படுத்திக் கார் உள்ளே வர வழி செய்வது. இரண்டும் ஆசைக் கணக்கு அல்ல, அன்றாடம்.

தண்ணீரும் மின்சாரமும் ஓடிக் காட்ட வேண்டும். பூட்டிய வீட்டில் மோட்டார் இறுகிப்போயிருக்கும், குழாயில் துரு வரும். ஆட்கள் வரும் முன் போர் மோட்டாரை நாலு நாள் ஓட்டி, தொட்டியைக் கழுவி வைத்தால் அந்த வேலை முடிந்தது. தொங்கும் ஒயர், கருகிய சுவிட்ச் போர்டு, கசிவு மின்சாரத்தை நிறுத்தும் பிரேக்கர் இல்லாமை இவற்றைச் சரிசெய்ய எலக்ட்ரீசியனுக்கு இரண்டு நாள். நிலைக்கதவில் கரையான் இருந்தால் மருந்து. அவ்வளவுதான்.

பெரிய மராமத்து பீரோவுக்குள்

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாவிட்டால் மேற்படி செலவெல்லாம் வீண். இந்தப் பகுதியில் வீட்டு விற்பனை உடைந்துபோவது அதிகமும் கூரையால் இல்லை, காகிதத்தால். வருகிறவர் காலணியைக் கழற்றும் முன்பே கேட்பது "பத்திரம் கிளியரா?" என்றுதான்.

பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும். நத்தம் நிலமாக இருக்கும். பட்டாவில் உள்ள அளவுக்கும் பத்திரத்தில் உள்ள அளவுக்கும் அரை சென்ட் இடிக்கும். அப்பாவின் வாரிசுச் சான்றிதழ் எடுக்கப்பட்டிருக்காது. கல்யாணமாகிப் போன அத்தையின் கையெழுத்து வேண்டும் என்பது முன்பணம் வாங்கிய பிறகு நினைவுக்கு வரும். தமிழ்நாட்டில் 1989-லேயே, அன்றைக்குக் கல்யாணமாகாதிருந்த மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் சம உரிமை வந்துவிட்டது. 2005-இல் நாடு முழுக்க வந்தது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அது பிறப்பால் வரும் உரிமை, தந்தை உயிரோடிருந்தாரா என்பது பொருட்டல்ல என்று தெளிவாக்கியது. "அக்காவுக்குத்தான் நகை போட்டாச்சே" என்பது சார்பதிவாளர் அலுவலகத்தில் செல்லுபடியாகாது. குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கும் பாகப்பிரிவினைக்கும் முத்திரைத் தீர்வை சலுகை விகிதத்தில்தான், உச்சவரம்பும் உண்டு. ஆடம்பரச் சமையலறைக்கு ஆகும் செலவில் ஒரு துண்டு.

மனைப்பிரிவில் வாங்கிய வீடானால் அங்கீகாரம் பார்க்க வேண்டும். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவதற்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அடுத்த வருஷம் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. நஞ்சையைக் கூறுபோட்டு விற்ற தெருக்களில் இன்னும் வரன்முறை செய்யாத மனைகள் கிடக்கின்றன. அந்த ஆணை கையில் இல்லாவிட்டால் வங்கிக் கடனில் வாங்குகிறவர் அத்தனை பேரும் கழன்றுவிடுவார்கள். மிஞ்சுவது ரொக்கத்தோடு வந்து அடிமாட்டு விலை கேட்பவர். இந்த இரண்டு பேருக்கும் இடையிலுள்ள விலை வித்தியாசத்தை எந்தப் பெயிண்டும் ஈடுகட்டாது. வில்லங்கச் சான்றிதழைப் பதிவுத்துறை இணையதளத்தில் நாமே எடுத்துப் பார்க்கலாம். பழைய அடமானம் அடைத்த பிறகும் ரசீது பதியாமல் நிற்பது அதில்தான் தெரியும். வீட்டு வரி, குடிநீர் வரி, ஈ.பி. மூன்றையும் பெயர் மாற்றி, பாக்கியில்லாமல் வைப்பது அலைச்சல்தானே தவிரச் செலவு இல்லை.

ரசீதுகளை வைத்திருப்பவருக்கு வரியிலும் ஆதாயம் உண்டு. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டை விற்கும் உள்நாட்டுவாசிகள், நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 12.5 சதவீதம் கட்டலாம், அல்லது பணவீக்கத்தைச் சரிக்கட்டி 20 சதவீதக் கணக்கில் எது குறைவோ அதைக் கட்டலாம். 2001-க்குப் பிறகு அறை கூட்டியது, மாடி எடுத்தது போன்ற நிலையான மேம்பாட்டுச் செலவை ஆதாயத்திலிருந்து கழிக்கலாம். பெயிண்ட் அடித்ததும் குழாய் மாற்றியதும் பராமரிப்பு என்பதால் அதில் சேராது. ரசீதில்லாமல் மேஸ்திரி கையில் கொடுத்த பணமும் சேராது.

முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது என்பது 2015-இலிருந்து சட்டம். இன்னும் பல இடங்களில் வெற்றிலைத் தட்டில் கட்டாகத்தான் வைக்கிறார்கள்.

கால நேரம் பார்த்தால், ஆடியில் யாரும் அட்வான்ஸ் போட மாட்டார்கள், மார்கழியிலும். மாடி வேலையைச் சித்திரைக்குள்ளும் காகித வேலையை ஆடிக்குள்ளும் முடித்துக்கொண்டால் ஆவணிக்கு வீடு தயார். ஐப்பசி மழையில் வீடு காட்டப் பயப்பட வேண்டாம். ஒழுகாத கூரையைக் காட்ட அதைவிட நல்ல நாள் இல்லை.

விலை படிந்து அக்ரிமெண்ட் எழுதும்போது என்னென்ன வீட்டோடு போகிறது என்பதை ஒரு வரி விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். போர் மோட்டார், மாடித் தொட்டி, மின்விசிறிகள், இன்வெர்ட்டர், ஊஞ்சல் பலகை, கொல்லையில் அடுக்கி வைத்த பழைய தேக்கு நிலை, ஈ.பி. டெபாசிட் தொகை. 40 லட்சத்துக்குப் பேசி முடித்த கிரயம் ஒரு மோட்டாரில் வந்து முட்டிக்கொண்டு நிற்பது இங்கே புதிதல்ல. கழற்றிக்கொண்டு போகப் போகிறீர்கள் என்றால் அதை வீடு காட்டும் முன்பே கழற்றிவிடுவது உத்தமம்.